வழங்கிக் காவல் நூல்: ஏவலியலும் பதிகையியலும் விழிப்பியலும்

பாயிரம்

வழங்கி என்பது யாதெனின், வேண்டுவோர்க்கு வேண்டியதை வேண்டிய பொழுதில் ஈயும் பொறி. அது ஈயாது கிடந்த பொழுது வீழ்பொழுது எனப்படும். வீழ்பொழுது வாராமற் காத்தலே இந்நூல் நுதலிய பொருள். வழங்கிகள் பல திறத்தன. அவற்றுள், ஃபின்லாந்து நாட்டு லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸ் என்னும் உட்கருவின் மேல் இயங்குவன மட்டுமே ஈண்டு ஆயப்படும். பிற வழங்கிகளைக் காப்போர் பிற நூல் காண்க. கருவிகளின் பெயர் பிறமொழியவாயின் நின்றவாறே நிற்கும். அவற்றின் தொழில் மட்டுமே தமிழால் வரையறுக்கப்படும்.

இந்நூல் கற்றற்குரியார் மூவர்: வீழ்பொழுது கண்டோர், வீழ்பொழுதுக்கு விடை கூற அழைக்கப்பட்டோர், இன்னும் காணாதோர். மூன்றாமவர் முதலாமவர் ஆதற்கு நெடும்பொழுது செல்லாமையின் அவரும் உரியர் என்க.

வீழ்பொழுதை ஒன்பதுகளால் அளத்தல் மரபு. அவ்வளவை நான்கு. மாணாக்கனே, உருப்போடுக:

1. ஈரொன்பது: ஆண்டில் 99 விழுக்காடு எழுந்து நிற்றல். இதற்கு இசைந்த வீழ்பொழுது 3 நாள் 15 மணி 36 மணித்துளி.

2. மூவொன்பது: 99.9 விழுக்காடு. வீழ்பொழுது 8 மணி 45 மணித்துளி.

3. நாலொன்பது: 99.99 விழுக்காடு. வீழ்பொழுது 52 மணித்துளியும் சில நொடியும்.

4. ஐயொன்பது: 99.999 விழுக்காடு. வீழ்பொழுது 5 மணித்துளி 15 நொடி.

ஐயொன்பது காப்பேன் என்று கையொப்பம் இட்டுக் கொடுத்தோன், நள்ளிரவில் அலறல் கேட்டு எழுந்து, கண்ணாடி தேடி, கடவுச்சொல்லை இருமுறை பிழைபடத் தட்டி முடிப்பதற்குள் ஓராண்டின் முழு ஒதுக்கீடும் தீர்ந்துவிடும். ஆதலின் மூவொன்பது மாந்தர் கைக்கு எட்டுவது, ஐயொன்பது பொறியின் கைக்கே எட்டுவது என வேறுபாடு அறிக.

முதலாவது: ஏவலியல்

வழங்கியுள் பணி செய்வோர் மறையேவலர் எனப்படுவர். முகம் காட்டாமை, திரை வேண்டாமை, தம்மை எழுப்பியவர் உறங்கிய பின்னும் ஊழியம் செய்தல் ஆகிய மூன்றும் இவர்தம் பண்பு. இவர் பெயரின் ஈற்றில் 'டி' நிற்றல் பெரும்பான்மை: எஸ்எஸ்எச்டி, எச்டிடிபிடி, கிரான்டி. சிறுபான்மை நில்லாதும் வரும்: எஞ்சின்எக்ஸ்.

ஏவலர் அனைவரையும் எழுப்புவோன் தலையேவலன். அவனது அடையாள எண் 1. அவனுக்கு முன் எவனும் எழான்; அவன் சாயின் உட்கருவும் உடன் சாயும். லென்னார்ட் பாட்டரிங், கே சீவர்ஸ் ஆகிய இருவர் 2010-இல் வெளியிட்ட சிஸ்டம்டி என்பது இன்று பெரும்பாலான வழங்கிகளில் இவ்விடம் வகிப்பது. இதனை ஏற்கலாமோ என அறிஞர் இரு கூறாய்ப் பிரிந்து நெடுநாள் சொற்போர் புரிந்தனர். டெபியன் குழுவார் 2014-இல் ஏற்றனர். ஏலாதார் பிரிந்து சென்று டெவுவான் எனத் தனிக்குடி அமைத்தனர். அப்போர் இன்னும் ஓய்ந்திலது. ஆயினும் வழங்கிகள் அதனைப் பொருட்படுத்தாது இயங்குகின்றன.

தலையேவலன் தன் ஏட்டில் ஒவ்வோர் ஏவலனுக்கும் ஒரு நிலை குறிப்பான். தலையாய நிலை ஆறு:

1. எழுநிலை. இஃது இருவகை.
அ. ஓடெழுநிலை: ஏவலன் உள்ளான், பணியும் செய்கிறான்.
ஆ. முடிந்தெழுநிலை: ஏவலன் பணி முடித்துச் சென்றுவிட்டான், ஆயினும் பணியில் உள்ளான் என ஏட்டில் நிற்கிறான். இது பிழை அன்று. ஒருமுறை செய்து ஒழியும் பணிகட்கு இங்ஙனம் எழுத நெறி உண்டு.

2. எழுகின்ற நிலை: இன்னும் எழுந்திலன், எழுவேன் என்கிறான்.

3. மறுபடிப்பு நிலை: பணியை நிறுத்தாமலே தன் அமைப்பேட்டை மீளப் படித்தல்.

4. அடங்குகின்ற நிலை: அடங்குக என்னும் பதினைந்தாம் குறி பெற்றும் அடங்காது நிற்றல். தலையேவலன் இயல்பாக 90 நொடி பொறுப்பான். பின்னர்க் கொல்லும் ஒன்பதாம் குறியை விடுப்பான். இந்த 90 நொடியைத் திரையில் எண்ணிக்கொண்டு அமர்ந்திருத்தல் காவலர்க்கு உரிய நோன்புகளுள் ஒன்று.

5. அடங்கிய நிலை: எவரும் எழுப்பாமையால் கிடத்தல். இதில் பழியில்லை.

6. பிழைபட்ட நிலை: எழுப்பியும் வீழ்தல். இதில் பழியுண்டு. யாருடைய பழி என்பது பதிகையியலுள் ஆயப்படும்.

இவை தலையேவலன் கூறும் நிலைகள். உட்கரு கூறும் உயிர்நிலைகள் வேறு. அவை ஐந்து.

ஓடலும் துயிலலும் எழாஅத் துயிலும்
நிற்றலும் பிணமாய் நீங்காக் கிடத்தலும்
ஐந்தே ஏவலர் உயிர்நிலை வகையே.

இதன் உரை: ஓடலாவது செயலியைப் பற்றியோ பற்றக் காத்தோ நிற்றல். துயிலலாவது வேலை வரும்வரை கண் அயர்தல். நல்ல ஏவலன் பெரும்பொழுதைத் துயிலிலேயே கழிப்பான் ஆதலின் இதனைச் சோம்பல் என்று ஒறுத்தல் ஆகாது. எழாத்துயிலாவது வட்டிலிருந்தோ தொலைவில் உள்ள கோப்பகத்திலிருந்தோ மறுமொழி வருமளவும் எவர் குரலுக்கும் செவி சாயாமை. கொல்லும் ஒன்பதாம் குறியும் பெரும்பாலும் இவனிடம் செல்லாது. கொல்லப்படுதற்கும் விழித்தெழ வேண்டும், இவனோ விழியான். லினக்ஸின் சுமைக்கணக்கு ஓடுவோனோடு இவனையும் சேர்த்து எண்ணும். ஆதலின் செயலி ஓய்ந்திருக்கச் சுமை மட்டும் உயர்ந்து நின்றால் எழாத்துயிலோரைத் தேடுக. நிற்றலாவது காவலனால் இடையில் நிறுத்தப்பட்டு, பின்னர் அவனாலேயே மறக்கப்படுதல். பிணக்கிடையாவது இறந்தும் பெயர்ப்பட்டியலினின்று நீங்காமை.

வினா: பிணத்தைக் கொல்லலாமோ? விடை: ஆகாது. இறந்தவனை மீண்டும் இறப்பிக்கும் கட்டளை லினக்ஸில் இல்லை. அவனைப் பெற்றவன் வந்து இறப்பை ஏற்றுக்கொண்டாலன்றி அவன் பெயர் நீங்காது. பெற்றவனும் இறப்பின் தலையேவலன் முன்வந்து இறுதிக்கடன் ஆற்றுவான். ஆதலின் பிணத்தை விடுத்துப் பெற்றவனை ஆராய்க.

இனி, ஏட்டில் எழுநிலை எனக் காட்டியும் பணி நடவாமை பொய்யெழுச்சி எனப்படும். காவலர் பலரை உறங்கவைத்துக் கெடுப்பது இதுவே. இது நால்வகை:

1. வாயில் திறந்து வாய் திறவாமை: 443-ஆம் வாயில் திறந்திருக்கும், தட்டினார்க்கு மறுமொழி வாராது.

2. வாய் திறந்து பொய்யுரைத்தல்: எல்லாம் நலம் என்னும் 200-ஆம் எண்ணை நெற்றியில் ஒட்டிக்கொண்டு, உள்ளே 'தரவகம் கிடைக்கவில்லை' என்னும் பக்கத்தைத் தருதல்.

3. மெய்யுரைத்தும் பொழுது கடத்தல்: அரை மணித்துளி கழித்துச் சரியான விடை தருதல். கேட்டவர் அதற்குள் சென்றிருப்பர்.

4. தான் நலமாய்த் துணைவனால் கெடுதல்: முன்னின்று ஏற்கும் எஞ்சின்எக்ஸ் நலம், பின்னின்று ஆக்கும் ஏவலன் வீழ்ந்தான். இதன் அடையாளம் 502 என்னும் எண். காண்போர் பழிப்பது முன்னின்றவனையே.

இந்நான்கிற்கும் மருந்து நான்கு: வாயில் தட்டல், மறுமொழி கேட்டல், மறுமொழிக்கு ஆன பொழுதை அளத்தல், வாங்குவோர் போல் நடித்து உள்நுழைவு முதல் கட்டணம் ஈறாக நடந்து காண்டல். முதல் மருந்தோடு நின்றோர் முதல் பொய்யால் கெடுவர், பிறவும் அன்ன.

வீழ்ந்த ஏவலனை மீண்டும் எழுப்புதல் மீளெழுப்பல். அது நால்வகை:

1. அறிந்தெழுப்பல்: வீழ்ந்த வேர் கண்டு, களைந்து, எழுப்புதல். அரியது.

2. அறியாதெழுப்பல்: பதிகையைப் பாராமல் எழுப்புதல். பெரும்பான்மை.

3. அறிய வேண்டுமென அறிந்தும் எழுப்பல்: 'காலையில் பார்ப்போம்' என்னும் சொல்லோடு செய்யப்படுவது. அக்காலை வருதல் இல்லை.

4. தானெழுப்பல்: காவலன் உறங்க, தலையேவலன் தானே செய்வது. இதற்கு வரம்பு உண்டு. இயல்பு அமைப்பில் 10 நொடிக்குள் ஐந்து முறைக்கு மேல் எழுப்ப ஒப்பான்; பிழைபட்ட நிலை என எழுதிக் கை கழுவுவான். வரம்பைத் தளர்த்தி எழுப்பும் இடைவெளியைக் கூட்டி வைத்தோர், தம் ஏவலன் நாளொன்றுக்குப் பல்லாயிரம் முறை இறந்து பிறப்பதை அறியாமலே, எழுநிலை என்னும் பச்சை நிறம் கண்டு மகிழ்வர். ஆதலின் எழுந்துளானோ என்று மட்டும் கேளாது, எப்பொழுது எழுந்தான் என்றும் கேட்க.

இரண்டாவது: பதிகையியல்

பதிகை என்பது ஏவலர் தாம் செய்ததையும் செய்யத் தவறியதையும் எழுதி வைக்கும் ஏடு. செய்ததைச் சுருக்கமாகவும் தவறியதைப் புதிராகவும் எழுதுதல் அவர்தம் மரபு.

ஏவலர் அனைவர்க்கும் பொதுவாகப் பதிகை எழுதும் முறையை வகுத்தவர் எரிக் ஆல்மன். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் சென்ட்மெயில் என்னும் அஞ்சல் ஏவலனை ஆக்கியவரும் அவரே. அவ்வேவலனின் பொருட்டு 1980-களில் அவர் ஆக்கிய சிஸ்லாக் முறை பிற ஏவலர்க்கும் பரவியது. முதலில் வழக்கு, பின்னரே வரையறை: 2001-இல் இருந்தவாறு எழுதப்பட்டு, 2009-இல் நெறியாக்கப்பட்டது.

அந்நெறிப்படி ஒவ்வொரு வரிக்கும் தரம் ஒன்று, பிறந்த இடம் ஒன்று. தரம் எட்டு, சுழியத்தில் தொடங்கும், எண் சிறுத்தால் கேடு பெருகும்:

0. எல்லாம் வீழ்ந்தது. இதனை எழுதற்கு எவரேனும் எஞ்சியிருத்தல் வேண்டும்.
1. இக்கணமே எழுக.
2. கடுங்கேடு.
3. பிழை.
4. எச்சரிக்கை.
5. கருதத்தக்கது. எவரும் கருதார்.
6. செய்தி.
7. ஆக்கியோன் தனக்குத் தானே முணுமுணுத்தது.

பிறந்த இடம் இருபத்து நான்கு. உட்கரு 0, அஞ்சல் 2, அச்சு 6 என முறையே வரும். யூயூசிபி என்னும் பழைய அஞ்சல் வழிக்கும் எட்டாம் இடம் இன்றும் காக்கப்படுகிறது; அவ்வழியே செல்வார் அரியர். இடத்தை எட்டால் பெருக்கித் தரத்தைக் கூட்ட முதன்மையெண் கிடைக்கும். அஞ்சலில் பிழை எனின் இரண்டை எட்டால் பெருக்கி மூன்றைக் கூட்ட 19. ஆகவே உலகில் நிகழத்தக்க கேடும் நலமும் 192 வகை. எண் 0 முதல் 191 ஈறாக. இதனின் வேறாய் ஒன்று நிகழுமோ எனின், நிகழ்வது உண்டு. ஆயின் எழுதப்படுதற்கு எண் இல்லை.

இது நெறி வழிப்பட்ட பகுப்பு. இனி உரையின் இயல்பு வழிப்பட்ட பகுப்பு:

பிறப்புரை நலவுரை அரற்றுரை பழியுரை
புதிருரை கடையுரை உரையா உரையென
எழுவகைத் தாகும் பதிகையின் உரையே.

1. பிறப்புரை: 'எழுந்தேன்' என்பது. ஒருமுறை வரின் நலம். நொடிதோறும் வரின் மேற்கூறிய தானெழுப்பலைக் காண்க.

2. நலவுரை: 'வந்தார், கொடுத்தேன், 200' என்பது. பதிகையேட்டின் பெரும்பகுதி இதுவே. படித்தற்கு அன்று, எண்ணுதற்கு உரியது. வழக்கமாக மணித்துளிக்கு ஆயிரம் வரும் நலவுரை திடீரெனப் பத்தாகக் குறைந்தால், பிழை ஒன்றும் எழுதப்படாதிருந்தும் கேடு நேர்ந்தது என்க.

3. அரற்றுரை: ஒன்றையே ஓயாது கூறல். இயல்பு அமைப்பில் 30 நொடிக்குள் ஓர் ஏவலன் பதினாயிரம் வரிக்கு மேல் அரற்றினால் ஜர்னல்டி என்னும் பதிகைக் கணக்கன் எஞ்சியவற்றை விலக்கி, 'இத்தனை வரி அடக்கினேன்' என ஒரு வரி எழுதுவான். அடக்கப்பட்டவற்றுள்ளே வேண்டிய வரி இருந்தது என்பது பின்னர்த் தெரியவரும்.

4. பழியுரை: 'அவன் வாயில் திறக்கவில்லை' எனப் பிறன்மேல் ஏற்றல். பழியுரை கண்டால் எழுதியவனை விட்டுப் பழிக்கப்பட்டவனிடம் செல்க. அவனும் பிறன்மேல் பழி கூறுவான். தொடர்ந்து செல்லின் இறுதியில் பெரும்பாலும் பெயர்தேடும் ஏவலனாகிய டிஎன்எஸ் வாயிலை அடைவாய்.

5. புதிருரை: எண் மட்டும் கூறி அமைதல். '137-ஓடு வெளியேறினான்' என்பது எடுத்துக்காட்டு. 128-ஐக் கழிக்க 9 எஞ்சும். ஒன்பது கொல்லும் குறி. ஆதலின் அவன் தானே இறந்திலன், கொல்லப்பட்டான். கொன்றவர் யார் எனின், பெரும்பாலும் உட்கருவே. நினைவகம் தீர்ந்தவிடத்து உட்கரு ஏவலருள் மிகுதியாக உண்பவனைத் தேர்ந்து பலியிடும். மிகுதியாக உண்பவன் பெரும்பாலும் தரவகமே ஆதலின், வழங்கி பிழைக்கும், வழங்கி எதன்பொருட்டு வைக்கப்பட்டதோ அது மாளும். ஏவலனுக்குக் கழித்தல் ஆயிரம் என்னும் எண்ணை முன்னரே இட்டு வைத்தோர் அவனை இப்பலியினின்று விலக்கலாம். எல்லோர்க்கும் அவ்வெண்ணை இட்டோர் எவரையும் காவார்.

6. கடையுரை: இறப்பதற்கு முன் எழுதிய ஈற்று வரி. காவலர் இதனைப் பெரிதும் போற்றுவர். ஆயின் எழுதும் வரியை நினைவகத்தில் தேக்கி வைத்து ஒருங்கே வட்டில் இறக்கும் ஏவலரிடத்து, ஈற்று வரி எனக் காண்பது ஈற்றயல் வரியே. மெய்யான ஈற்று வரி நினைவகத்தோடு அழிந்தது.

7. உரையா உரை: எழுதப்பட்டிருக்க வேண்டிய இடத்தில் எழுதப்படாமை. நாள்தோறும் இரண்டு மணிக்கு வரும் 'காப்புப்படி முடிந்தது' என்னும் வரி ஒரு நாள் வாராதொழிதல். ஏழனுள்ளும் கொடியது இதுவே. கண்டுபிடித்தற்கு அரியதும் இதுவே. இல்லாத வரியைத் தேடும் கட்டளை எளிதில் அமையாது.

பதிகைகள் வட்டை நிறைக்கும் இயல்பின. அதனால் அவற்றைச் சுழற்சிக்கு உட்படுத்தல் வேண்டும். லாக்ரொடேட் என்னும் கருவி இயல்பாக ஏழு நாட்கு ஒருமுறை ஏட்டைச் சுழற்றி, நான்கு பழைய ஏடு வைத்து, ஐந்தாவதை அழிக்கும். கேடு ஐந்து கிழமைக்கு முன் தொடங்கியதெனின் அதன் தொடக்கம் அழிந்த ஏட்டில் இருந்தது.

வட்டு நிறைதல் மூவகை:

1. மெய்ந்நிறைவு: ஏடுகள் உண்மையாகவே நிறைத்தல். 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்னும் பிழையுரை, எண் 28. இவ்வுரையையும் பதிகையில் எழுத இடம் இராமையின் பலகால் எழுதப்படாது.

2. கணுநிறைவு: இடம் இருந்தும் ஏடு திறத்தற்குரிய கணு தீர்தல். சின்னஞ்சிறு கோப்புகளை அளவின்றி ஈனும் ஏவலரால் வருவது. இடத்தை அளப்பின் பாதி வெற்றிடம் எனக் காட்டும்; எழுத முனையின் இடமில்லை என்னும். கணுவை அளக்கும் கட்டளை வேறு: டிஎஃப் என்பதனோடு ஐ என்னும் குறி சேர்க்க.

3. மறைநிறைவு: ஏட்டை அழித்தும் இடம் மீளாமை. ஏவலன் ஒருவன் அவ்வேட்டைத் திறந்து கையிற் பிடித்திருக்க, காவலன் பெயரை மட்டும் நீக்கினான். பெயர் போயிற்று, பொருள் போகவில்லை. டிஎஃப் நிறைந்தது என்னும், டியு நிறையவில்லை என்னும். இரண்டும் மெய்யே கூறின. பிடித்திருப்பவனை எல்எஸ்ஓஎஃப் கொண்டு கண்டு, மீளெழுப்பி, பிடியை விடுவிக்க.

ஐயம்: பதிகை எழுதுதலே கேடாகுமோ? ஆம். 2021 டிசம்பரில் ஜாவா மொழியோர் பெரிதும் வழங்கிய லாக்ஃபோர்ஜே என்னும் பதிகைக் கருவியில் அப்பிழை வெளிப்பட்டது. வந்தவன் கூறியதை உள்ளவாறே எழுதப் புகுந்த கருவி, எழுதும்போதே அவன் கூறிய கட்டளையைச் செய்தும் முடித்தது. கேட்டின் அளவை பத்துக்குப் பத்து. ஆதலின் பதிகை எழுதுவோன் கேட்பதை எழுதுக, செய்யற்க.

மூன்றாவது: விழிப்பியல்

ஏவலரையும் பதிகையையும் காவலன் இமையாது நோக்கல் இயலாது. ஆதலின் நோக்குதற்குப் பொறி வைத்து, அது அலறக் கேட்டு எழுதல் நெறியாயிற்று.

நோக்கும் முறை இரண்டு. கேட்டறிதல்: பொறி சென்று வழங்கியை வினவுதல். 2012-இல் பெர்லினில் உள்ள சவுண்ட்க்ளவுட் நிறுவனத்தார் தொடங்கிய ப்ரொமீத்தியஸ் இவ்வகை. மறுமொழி வரின் 1, வாராதெனின் 0 என எழுதும். சொல்லறிதல்: வழங்கி தானே வந்து கூறுதல். முன்னதில் வழங்கியின் வாய்வாளாமை சுழியமாய்ப் புலப்படும். பின்னதில் அவ்வாய்வாளாமை நலம்போல் தோன்றும். ஆதலின் சொல்லறிவோர், 'இத்தனை மணித்துளி ஒன்றும் கூறாவிடின் அலறுக' என ஒரு நெறி சேர்த்து எழுதக் கடவர்.

நோக்கிய பொறி கூறும் விடை நான்கு. ஈத்தன் கால்ஸ்டாட் 1999-இல் நெட்செயின்ட் என வெளியிட்டு, 2002-இல் நாகியோஸ் எனப் பெயர் மாற்றிய கருவி இதனை நிலைநாட்டியது: 0 நலம், 1 எச்சரிக்கை, 2 கேடு, 3 அறியேன். நான்காவதாகிய அறியேன் என்பதைக் காவலர் வாயிலிருந்து கேட்டல் அரிது. பொறி மட்டுமே தயங்காது கூறும்.

கேடு எனக் கூறியவுடன் அலறுவதில்லை. முதல் கேடு மென்னிலை, மும்முறை போல வரையறுத்த அளவு மீண்டும் கேட்டும் கேடெனின் வன்னிலை, வன்னிலைக்கே அலறல். நலமும் கேடும் மாறிமாறி வருதல் ஊசலாட்டம். நாகியோஸ் அண்மை 21 விடைகளை வைத்து அதனைக் கணிக்கும். ஊசலாடும் ஏவலன்பொருட்டு அலறல் நிறுத்தி வைக்கப்படும். அவன் ஊசலாடி ஊசலாடி ஒருவழியாக வீழ்ந்தபின் மீண்டும் அலறும்.

அலறல் இருவகை: செயல் உடையது, செயல் அற்றது. வட்டு 80 விழுக்காடு நிறைந்தது என்பது செயல் அற்றது. மூன்று ஆண்டாக அது 80-இலேயே நிற்கலாம். இவ்விரைவில் நிறையின் நான்கு மணியில் தீரும் என்பது செயல் உடையது. ப்ரொமீத்தியஸ் இக்கணிப்பைத் தானே செய்யவல்லது. செயல் அற்ற அலறல் நாள்தோறும் வருமிடத்துக் காவலர் மின்னஞ்சல் பெட்டியில் அதற்கெனத் தனி அறை அமைத்து, வந்தவுடன் தானே அங்குச் செல்லுமாறு நெறி வகுப்பர். செயல் உடைய அலறலும் ஒரு நாள் அவ்வறையையே அடையும்.

எழுவோர் புரள்வோர் அணைப்போர் பகிர்வோர்
உறங்குவோர் எனவைந் தாகுவர் கூறின்
நள்ளிரா அலறல் கேட்ட காவலர்.

இதன் உரை: எழுவோர் எழுந்து கணினி திறப்போர், இவர் தொகை பணியேற்ற முதல் திங்களில் மிகும். புரள்வோர், 'தானே சரியாகிவிடும்' என்போர். ஊசலாடும் ஏவலரிடத்து இவர் கூற்று மெய்யாதலும் உண்டு. அணைப்போர், அலறலை நிறுத்துவதும் கேட்டை நிறுத்துவதும் ஒன்றெனக் கருதுவோர். பகிர்வோர், 'யாரேனும் பார்த்தீர்களா?' எனக் குழுவில் எழுதி உறங்கச் செல்வோர். குழுவிலுள்ளார் அனைவரும் பகிர்வோராயின் எவரும் எழார். உறங்குவோர் அலறல் சென்று சேராதோர். இவரிடம் பழியில்லை, பழி இனி வரும் பகுப்பில்.

அலறல் சேராமை மூவகை:

1. வழி அடைபட்டுச் சேராமை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தார் தம் முதன்மைத் தரவகத்தைத் தவறுதலாக அழித்தனர். காப்புப்படியை நாடியபொழுது அஃது எடுக்கப்படாதிருந்தமை வெளிப்பட்டது: படியெடுக்கும் கருவியின் பதிப்பு 9.2, தரவகத்தின் பதிப்பு 9.6, ஒவ்வாமையால் நாள்தோறும் தவறிற்று. தவறியதாக நாள்தோறும் மின்னஞ்சலும் எழுதப்பட்டது. அம்மின்னஞ்சலில் உரிய ஒப்பம் இல்லாமையின் பெறும் வழங்கி அதனை ஏற்க மறுத்தது. பொறி அலறியது, அலறலைக் காவலன் வீட்டுக் கதவே தடுத்தது. ஏறத்தாழ ஆறு மணி அளவிலான தரவு மீளவில்லை.

2. காட்டும் பலகையே கெட்டுச் சேராமை. 2017 பிப்ரவரி 28 அன்று, அமேசான் நிறுவனத்தின் எஸ்3 என்னும் கிடங்கு வட வர்ஜீனியாவில் வீழ்ந்தது. தட்டச்சில் பிழைபட்ட கட்டளை ஒன்று கருதியதினும் மிகுதியான வழங்கிகளை நீக்கியமையே வேர். வீழ்ந்ததை உலகுக்குக் காட்டும் நிலைப்பலகையைத் திருத்தும் கருவியும் அவ்வெஸ்3-ஐயே சார்ந்திருந்தது. ஆதலின் வீழ்ந்த கிடங்கு நலம் எனப் பலகையில் நின்றது. வீழ்ந்தமை ட்விட்டரில் அறிவிக்கப்பட்டது.

3. அலறும் பொறியே வீழ்ந்து சேராமை. காவற்பொறியைக் காக்கப்படும் வழங்கியிலேயே நிறுவுவோர்க்கு இது நேரும். இரண்டும் ஒருங்கே வீழும், ஒன்றும் கேளாது, காவலன் அன்றிரவு நன்கு உறங்குவான். இதற்கு மருந்து ஓயா அலறல்: பொறி நலமாயிருக்கும் காலமெல்லாம் சிறு குறி ஒன்றை வேறிடத்துக்கு ஓயாது விடுக்க, அது நின்றவுடன் அவ்வேறிடம் அலறுதல்.

ஒழிபு

மூவியலிலும் அடங்காத கேடு இரண்டு. இரண்டும் நாட்காட்டியால் வருவன.

1. இதழ் முடிவு: வழங்கியின் மெய்ம்மை கூறும் சான்றிதழ் நாள் தீர்தல். 2018 டிசம்பர் 6 அன்று எரிக்சன் நிறுவனத்தின் மென்பொருளில் சான்றிதழ் ஒன்று நாள் கடந்தமையால் பிரிட்டனில் ஓ2 அலைபேசியரின் இணையத் தொடர்பு அறுந்தது. அந்நாள் சான்றிதழ் பிறந்தபொழுதே அதன் உடலில் எழுதப்பட்டிருந்தது. லெட்ஸ் என்கிரிப்ட் நெடுநாள் 90 நாட்கே இதழ் தந்தமை, மாந்தர் மறதிக்கு இடம் தராது பொறியே புதுப்பிக்கட்டும் என்பது கருதி.

2. மிகை நொடி: உலகச் சுழற்சிக்கு ஈடாக நாட்காட்டியில் ஒரு நொடி கூட்டல். 2012 ஜூன் 30 இரவு கூட்டியபொழுது லினக்ஸ் உட்கருவின் பொழுதுக்கணக்கில் இருந்த பிழையால் துயில வேண்டிய ஏவலர் துயிலாது ஓடிச் செயலியை வாட்டினர். ரெடிட் முதலாய தளங்கள் தடுமாறின. மருந்து, வழங்கிக்கு அது காட்டும் பொழுதையே மீண்டும் அமைத்தல். 2035-க்குள் இம்முறையைக் கைவிட அளவையர் 2022-இல் ஒப்பினர்.

புறனடை: இங்குக் கூறப்படாத கேடு ஏதேனும் வரின், அதனை ஒத்த வகையுள் அடக்கிக் கொள்க. எவ்வகையுள்ளும் அடங்காதெனின் மீளெழுப்பலின் இரண்டாம் வகையைக் கொள்க.

மாணாக்கனே! மூவியலையும் ஒருங்கே நோக்கின் தேறும் முடிவு ஒன்று. எழுநிலை என்னும் பச்சை நலத்துக்குச் சான்றன்று; பிழையற்ற பதிகை நலத்துக்குச் சான்றன்று; அலறாத இரவும் நலத்துக்குச் சான்றன்று. வாய்வாளாமை பல வகைத்து. அவற்றுள் நலம் ஒருவகை மட்டுமே. அதனைப் பிறவற்றினின்று பிரித்தறிய நீயே ஓர் அலறலை வேண்டுமென்றே எழுப்பி, அது உன் கைக்கு வந்து சேர்கிறதா எனத் திங்கள்தோறும் பார். காப்புப்படியை மீட்டுப் பார். இவ்விரண்டும் பின்னர்ச் செய்யலாம். முதலில் இந்நூலை மூடிவிட்டு வழங்கியுள் நுழைந்து, வட்டில் எவ்வளவு இடம் எஞ்சியுள்ளது என்று பார். நூறு விழுக்காடு நிறைந்தது எனக் காட்டிய பின் இந்நூலைத் திறந்து பயனில்லை.